தாம்பரத்துக்கு வந்த கோல்டு கோஸ்ட்காரர்

எழும்பூரில் டிக்கெட் பத்து ரூபாய். காலை ஒன்பது மணிக்கு மேல் தாம்பரம் பக்கம் போகிற மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். கூட்டமெல்லாம் எதிர்த் தடத்தில் வந்துகொண்டிருந்தது. சைதாப்பேட்டையில் ஏறிய கொய்யாக்கார அம்மா, மிளகாய்த்தூள் போட்ட ஒரு பழம் இருபது ரூபாய் என்றார். திரிசூலம் வந்தபோது இடப்பக்கம் குன்று, வலப்பக்கம் விமானம் ஒன்று தாழ்வாக இறங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. இந்தத் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நான் தேடிப் போன ஆள் தாம்பரம் வந்த 1938-இலும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் கிறிஸ்டியன் கொன்சால்வெஸ் குவாமி பயேட்டா. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா என்று வழங்கும் நாட்டைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ்காரர்கள் அதை கோல்டு கோஸ்ட் என்று அழைத்த காலத்தில் 1908-இல் பிறந்தார். போதகர், சட்டசபை உறுப்பினர், அரசியல் சட்டக் குழு உறுப்பினர், பல்கலைக்கழகப் பேராசிரியர், உலக அளவில் ஒரு திருச்சபை அமைப்பின் தலைவர். 1994-இல் மறைந்தபோது நாட்டின் பெரிய மனிதர்களில் ஒருவர். முப்பது வயதில், இதெல்லாம் நடப்பதற்கு முன்னால், தாம்பரத்தில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தார். அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் எண்ணம்.

ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கினேன். "சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம்" என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். மல்லிகை முழம் நாற்பது. டீ பன்னிரண்டு, மசால் வடை பத்து. டீக்கடைக்காரரிடம், "எதிர்ல இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரிக்கு அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "இப்பவும் வராங்க சார், கேம்ப் ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறாங்க. நல்ல பசங்க" என்றார். 1938 என்றதும் கண்ணாடிக் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

பெஞ்சில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தினார். "அந்த மாநாடா? காந்தியே வந்தார் தம்பி. எங்கப்பா பார்த்திருக்கார்."

மறுத்துப் பேசவில்லை. ஆனால் காந்தி வரவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்கள்தான் அவரைத் தேடிப் போனார்கள். தலைமை தாங்கிய அமெரிக்கர் ஜான் மோட், மாநாட்டுக்கு முன்பே வார்தாவை அடுத்த சேகாவுக்குப் போய் அவரைச் சந்தித்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த எஸ்.எஸ்.தேமா என்ற போதகர் மாநாடு முடிந்த கையோடு அங்கே போனார். இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் ஒரே அணியாக நின்று போராடலாமா என்று அவர் கேட்டதும் காந்தி சொன்ன பதிலும் 'ஹரிஜன்' பத்திரிகையில் வெளிவந்திருக்கின்றன.

டீக்கடையிலிருந்து கல்லூரி வாசலுக்கு ஐந்து நிமிட நடை. ஒரு பேராசிரியரிடம் முன்பே பேசி அனுமதி வாங்கியிருந்தேன். ஆனாலும் வாசலில் நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், போன் நம்பர், வந்த காரணம் எல்லாம் எழுதவேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'மாநாடு' என்று எழுதினேன். காவலர் குனிந்து படித்தார். "இன்னைக்கு மாநாடு எதுவும் இல்லையே சார்?"

"பழைய மாநாடுண்ணே. எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே பத்தடி போனதும் வேளச்சேரி சாலையின் ஹாரன் சத்தம் பாதியாகக் குறைகிறது. வெயிலும் அப்படித்தான். சாலைக்கு இருபுறமும் பெரிய மரங்கள், அவற்றுக்குப் பின்னால் புதர்க்காடு. தரையெல்லாம் சருகு. இருபதடி தூரத்தில் ஒரு புள்ளிமான் நின்றிருந்தது. காது மட்டும் என் பக்கம் திரும்பியது, உடம்பு அசையவில்லை. அதன் வயிற்றுப் பக்கம் புள்ளிகள் வரிசையாக ஓடி, கிட்டத்தட்ட கோடாகவே தெரிந்தன. பின்னால் ஒரு மாணவர் ஸ்கூட்டரில் போனார். மான் அதற்கும் ஓடவில்லை.

கல்லூரியின் வேர் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. முதல்வர் வில்லியம் மில்லர் காலத்தில் கல்லூரியாக வளர்ந்தது. நெரிசல் தாங்காமல் சரியாக நூறு வருஷம் கழித்து, 1937-இல், தாம்பரத்தில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டு நிலத்துக்குக் குடிவந்தது. கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஷாட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் ஆசை ஆசையாக மரம் நட்டார்கள். இன்றைய நிழலில் பெரும்பங்கு அந்தத் தம்பதியின் கைங்கரியம். பயேட்டா வந்தபோது இங்கே கட்டடங்களுக்கு வயது ஒன்றுதான். மரங்கள் கன்றுகளாக இருந்திருக்கும். இப்போது நான் நடந்த நிழல் அவருக்குக் கிடைத்திருக்காது.

மாநாடு உண்மையில் தாம்பரத்துக்கு வரவேண்டியதே அல்ல. சர்வதேச மிஷனரி கவுன்சில் அதைச் சீனாவின் ஹாங்சௌ நகரத்தில் நடத்தத் திட்டமிட்டிருந்தது. 1937-இல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்ததும் வேறு இடம் தேடினார்கள். புதிதாகக் கட்டி முடித்த விடுதிகளோடு, டிசம்பர் விடுமுறையில் காலியாக இருந்த இந்த வளாகம் தோதாக அமைந்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, 69 நாடுகளிலிருந்து 471 பேர் இங்கே கூடினார்கள். அவர்களில் பாதிப்பேர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் லத்தீன் அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். 1910-இல் எடின்பரோவில் இதேபோல் ஏறக்குறைய 1,200 பேர் கூடியபோது ஆசியர்கள் இருபது பேர்கூடத் தேறவில்லை. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரரான வி.எஸ்.அசரியா. வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, எங்களுக்கு உங்கள் தியாகம் மட்டும் போதாது, நட்பும் வேண்டும் என்ற பொருளில் அங்கே பேசியவர். தாம்பரத்துக்கு அவர் தோர்ணக்கல் பேராயராக, ஊர்ப் பெரியவர் ஸ்தானத்தில் வந்தார்.

சேலையூர் ஹால் விடுதியின் முன்னால் நின்றேன். நடைவழியில் பையன்களின் லுங்கியும் டீஷர்ட்டும் காய்ந்துகொண்டிருந்தன. மெஸ் பக்கமிருந்து சாம்பார் தாளிக்கும் மணம். கடுகும் பெருங்காயமும் மூக்கைத் துளைத்தன. படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த மாணவரிடம், "தம்பி, இந்தக் கல்லூரியின் பெரிய ஆட்கள் யார் யார்?" என்று கேட்டேன். தயங்காமல் அடுக்கினார். ராதாகிருஷ்ணன், டி.என்.சேஷன், இந்திரா நூயி. மூன்றும் சரி. ஆனால் ராதாகிருஷ்ணன் படித்தது ஜார்ஜ் டவுனில் கல்லூரி இருந்த காலத்தில். "இங்கே ஒரு நோபல் பரிசுக்காரர் வந்து இருந்திருக்கிறார் தெரியுமா?" என்றேன். போனை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவர் ஆல்பர்ட் லுதுலி. தென்னாப்பிரிக்காவில் கிரவுட்வில் என்ற இடத்தின் ஜூலு தலைவர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவராகப் பிற்பாடு உயர்ந்தார். 1960-க்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கர் ஒருவர் வாங்கிய முதல் நோபல் அமைதிப் பரிசு அதுதான். தாம்பரப் பயணத்தைத் தன் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய மோட் 1946-இல் அதே பரிசை வாங்கினார். ஆக, பரிசு வாங்கப்போகிற இருவர் 1938 டிசம்பரில் இந்த மரக்கன்றுகளுக்கு நடுவே நடமாடியிருக்கிறார்கள். "எங்க ஹால்ல யாரும் சொன்னதே இல்ல சார்" என்றார் மாணவர். பயேட்டா பெயரைக் கொன்சால்வெஸ் உட்பட எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். போனில் குறித்துக்கொண்டார்.

ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த குறிப்புகளைப் பிரித்தேன். பயேட்டாவின் ஊர் கேட்டா, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மணல் பட்டையில் அமைந்த நகரம். அங்கே டேனிஷ்காரர்கள் 1784-இல் கட்டிய பிரின்சன்ஸ்டைன் கோட்டை இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620-இல் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்களும் அதே நாட்டார்தான். தரங்கம்பாடியைப் போலவே கேட்டாவையும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருக்கிறது. ஊரின் பெரும்பகுதியும் கோட்டையின் ஒரு பகுதியும் கடலுக்குள் போய்விட்டன.

பயேட்டா சார்ந்த எவே மக்களின் திருச்சபையை ஜெர்மனியின் பிரேமன் மிஷன் வளர்த்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல், 1922-இல் எவே சபை தன்னைத்தானே ஆளும் திருச்சபையாக அறிவித்துக்கொண்டது. அடுத்த வருஷம் உதவிக்கு வந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். பயேட்டாவும் அக்ரோபாங் என்ற ஊரில் ஸ்காட்டிஷ் மிஷன் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். பிறகு சுவிட்சர்லாந்தின் பாசல், லண்டன் கிங்ஸ் கல்லூரி. 1936-இல் போதகராக அபிஷேகம் பெற்றார். அவர் அப்பாவும் போதகர். வெள்ளைக்காரர் இல்லாமலேயே சபையை நடத்திக் காட்டியவர்களிடையே வளர்ந்த பிள்ளைதான் தாம்பரத்துக்கு வந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் அவருடைய பொதுவாழ்வு வேகமெடுத்தது. 1945-இல் சபையின் நிர்வாகப் பொறுப்பு. 1946-இல் புதிய அரசியல் சட்டப்படி கோல்டு கோஸ்ட் சட்டசபை அமைந்தது. ஆப்பிரிக்கர்கள் பெரும்பான்மையாக உட்கார்ந்த சபை அது. அதில் பயேட்டா 1950 வரை உறுப்பினர். 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில், உலகப் போரில் சண்டைபோட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. கலவரம் ஊரூராகப் பரவியது. அதன் விளைவாக, புதிய அரசியல் சட்டத்துக்கு வழி சொல்ல நீதிபதி ஹென்லி கூஸி தலைமையில் முழுக்க ஆப்பிரிக்கர்களே இருந்த ஒரு குழு அமைந்தது. பயேட்டா அதிலும் உறுப்பினர். விடுதலை இயக்கத் தலைவர் குவாமே நிக்ரூமாவைச் சேர்க்கவில்லை. அவர் 1949-இல் தனிக் கட்சி கண்டு, அந்தக் குழுவின் அறிக்கையை மோசடி என்று சாடினார். ஆனாலும் அந்த அறிக்கையை ஒட்டி எழுந்த சட்டப்படிதான் 1951 தேர்தலில் நின்று வென்றார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை அடைந்தது. மேடையில் முழங்கியவர்களை எல்லாருக்கும் தெரியும். மேசையில் உட்கார்ந்து ஷரத்து ஷரத்தாக எழுதியவர்கள் பெயர் அவ்வளவாக வெளியே வருவதில்லை. பயேட்டா இரண்டாவது வகை.

எழுந்து முதன்மைக் கட்டடம் வரை நடந்தேன். அகலமான தாழ்வாரம். தூண்களுக்கு நடுவே காற்று நன்றாக வீசியது. அங்கங்கே பதித்த கல்வெட்டுகளை ஒன்று விடாமல் நின்று படித்தேன். பாதை காட்டிய அலுவலக ஊழியர் பொறுமையாகக் கூடவே வந்தார். நான் பார்த்தவற்றில் இருந்த பெயர்கள் கல்லூரியைக் கட்டியவர்களுடையவை, நடத்தியவர்களுடையவை. மாநாட்டுக்கு வந்த 471 பேரில் ஒருவர் பெயரும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்த மாநாட்டின் பெரிய சண்டைக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதிக் கொண்டுவந்தார். கிறிஸ்தவ வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் இடையே பாலம் கிடையாது என்பது அதன் சாரம். அதை எதிர்த்தவர் கல்லூரியின் முதல்வராக இருந்த ஆல்ஃப்ரட் ஜார்ஜ் ஹாக். இந்துக்களுடன் முப்பது வருஷத்துக்கு மேல் பழகி, அவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். மற்ற மதங்களிலும் கடவுளோடு நிஜமான உறவு கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு பேசவேண்டும் என்றார். ராதாகிருஷ்ணன் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதியபோது பாராட்டிச் சான்று தந்தவரும் இதே ஹாக்தான். மதராஸ்காரர்களான பி.சென்சையாவும் வி.சக்கரையும் நண்பர்களோடு சேர்ந்து தனி நூலே போட்டு கிரேமருக்குப் பதில் சொன்னார்கள்.

இந்த வாக்குவாதம் நடந்த இடத்தில் பயேட்டா இருந்தார் என்பது அவருடைய பிற்கால வேலையைப் பார்த்தால் முக்கியமாகப் படுகிறது. அது எனக்கு உறைத்தது கல்லூரிக்கு வெளியே.

மதியம் வாசலைவிட்டு வந்து கேம்ப் ரோடு நோக்கி நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கேட்டார்கள், நடந்தால்தான் பார்க்க முடியும் என்று நடந்தேன். மாடியில் தகரக் கொட்டகை போட்ட ஜெப வீடு ஒன்று. செல்போன் கடைக்கு மேலே இன்னொன்று. மின்கம்பத்தில் சுகமளிக்கும் கூட்டத்துக்கான பேனர், போதகர் படம், மூன்று நாள், அனுமதி இலவசம். அதற்கடுத்து ஒரு அம்மன் கோயில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பாதி கிழிந்திருந்தது. ஒரு கொட்டகையில் மதிய ஜெபம். கதவு திறந்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்புகள் ஒழுங்காக வரிசையில் இருந்தன. எண்ணெய்ப் பாட்டில் ஒன்று மேசைமேல் இருந்தது.

இதே மாதிரிச் சிறு சபைகளைப் பற்றித்தான் பயேட்டா 1962-இல் தன் முக்கியமான நூலை வெளியிட்டார். கானாவில் பெரிய மிஷன் திருச்சபைகளைவிட்டு விலகி, தீர்க்கதரிசனம், கனவு, குணமாக்குதல், மேளம் என்று தனி வழி போன சபைகளை நேரில் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு. அப்போது அவர் லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் சமயத் துறைப் பேராசிரியர், பெரிய திருச்சபையின் மனிதர். மட்டம் தட்டி எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி எழுதவில்லை. அந்த மக்கள் எதைத் தேடி அங்கே போகிறார்கள் என்று கேட்டார். நோயும் பயமும் கடனும் உள்ளவனுக்குப் பெரிய சபை தராத எதை இவர்கள் தருகிறார்கள் என்று பார்த்தார். இந்தக் கேள்வியில் கிரேமரைவிட ஹாக்கின் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

சந்திப்பில் ஒரு கடையில் சாப்பாடு நூற்றிருபது ரூபாய். வற்றல் குழம்பு நன்றாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே மீதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தாம்பரம் மாநாட்டுக்கு ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, 1957 டிசம்பர் கடைசியில், அதே சர்வதேச மிஷனரி கவுன்சில் கானாவின் அச்சிமோட்டாவில் கூடியது. விடுதலை அடைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நாடு. உலகத் திருச்சபைகள் மன்றத்தோடு இணைவது என்று அங்கே முடிவெடுத்தார்கள். அடுத்து கவுன்சிலின் தலைவரானவர் பயேட்டா. அவரோடு பொதுச் செயலாளராக வேலை பார்த்தவர் லெஸ்லி நியூபிகின். மதுரையில் பேராயராக இருந்து, தமிழில் பிரசங்கம் செய்தவர். பிற்பாடு சென்னைக்கும் பேராயரானார். இணைப்பு 1961 நவம்பரில் புதுதில்லியில் நிறைவேறியது. தாம்பரத்தில் முப்பது வயது இளம் போதகராக உட்கார்ந்திருந்தவர், அந்த அமைப்பு தனி அமைப்பாக இருந்த கடைசிக் கட்டத்தில் அதன் தலைவராக இருந்தார்.

இளைஞராக ஒரு சபையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது, ஊருக்குப் போய் ஒரு சட்டத்தில் ஒரு ஷரத்தை எழுதுவது, தன்னைவிட எளியவர்களின் ஜெப வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கவனிப்பது, பிறகு தலைமை ஏற்பது என்று ஒரு வரிசையில் போனது அவர் வாழ்க்கை. இதில் முதல் படிகளில் ஒன்று தாம்பரத்தில் இருக்கிறது. மாநாட்டின் பேச்சுகளும் அறிக்கைகளும் 1939-இல் ஏழு தொகுதிகளாக அச்சாகி, உலகத்தின் இறையியல் கல்லூரிகளில் 'தாம்பரம்' என்ற ஊர்ப்பெயரையே ஒரு விவாதத்தின் பெயராக ஆக்கிவிட்டன. அக்ராவில் இறையியல் படிப்பவருக்குத் தாம்பரம் தெரியும். எதிர்க்கடையில் டீ ஆற்றுபவருக்கு அக்ரா தெரியாமல் போனது அவர் குற்றமில்லை.

2038 டிசம்பரில் அந்த மாநாட்டுக்கு நூறு வருஷம் நிறைகிறது. 2021-இல் மாநகராட்சியான தாம்பரமும் கல்லூரியும் அங்கே படித்தவர்களும் சேர்ந்தால் பெரிய செலவில்லாமல் ஒரு காரியம் செய்யலாம். வளாகத்து மரநிழலில் ஒரு கல். அதில் 69 நாடுகளின் பெயர், அசரியா, லுதுலி, தேமா, பயேட்டா என்று வந்தவர்களின் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். மானைப் பார்க்கப் போகிற மாணவர் அதையும் படிப்பார். அதுவரை அந்தப் பக்கம் போகிறவர்கள் வாசல் நோட்டில் வந்த காரணம் என்ற கட்டத்தில் '1938 மாநாடு' என்று எழுதுங்கள். காவலர் கேட்பார். நின்று பதில் சொல்லுங்கள்.